நாற்பத்தொரு குதிரைகள்

நெப்பியன் குதிரைப்படையின் கதை சிட்னியில் சிவக்கொழுந்துக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. அந்தப் படையின் சிறிய அருங்காட்சியகத்தைப் பதினொரு வருடமாகக் கூட்டித் துடைப்பவர் அவர்தான். நூற்றிருபது வருடத்துக்கு முன் வெள்ளைக்காரரின் போருக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய நாற்பத்தொரு குதிரைகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. பித்தளைப் பலகையில் ஒவ்வொன்றின் பெயரும் செத்த திகதியும் வெட்டியிருக்கும். செவ்வாய்தோறும் அதை மினுக்கும்போது அவருக்கு வயிறு எரியும். குதிரைக்குக்கூடத் திகதி வைத்திருக்கிறான்கள்!

வன்னி யுத்தத்தின் கடைசி நாளில் இராணுவம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், பிறகு ஒரு தகவலும் இல்லாத மகன் கஜீபனுக்குத் திகதி இல்லை. அதனால் திவசமும் இல்லை.

“இனியும் பிள்ளையைப் பட்டினி போடேலாது,” என்று அழுது, இந்த வருடம் மனைவி பூமணி அவரைக் கோயிலுக்கு இழுத்துப் போனாள்.

“எப்ப மோசம் போனவர்?” என்று ஐயர் திவசத்துக்குத் திகதி கேட்டார்.

“இரண்டாயிரத்து ஒன்பது, யூன் பதினாலு,” என்றார் சிவக்கொழுந்து, யோசிக்காமல்.

பூமணி திடுக்கிட்டுத் திரும்பினாள். “தெரிஞ்சுகொண்டே இவ்வளவு காலமும் எனக்கு ஒளிச்சனீங்களோ?”

“ஓம்,” என்றார்.

பலகையில் கடைசிக் குதிரை செத்ததும் யூன் பதினாலுதான்.