தனசேகரனின் இடது கை மீது சுமத்தப்பட்ட பழி

ஆரணியில் ஒரு பெரிய மனிதரை அவமானப்படுத்த எத்தனையோ வழிகள் உண்டு. கல்யாணப் பந்தியில் வடை வைக்காமல் அவர் இலையைத் தாண்டிப் போகலாம். அவர் கடைப் பட்டுப்புடவையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பவர்லூமா?" என்று கேட்கலாம். தனசேகரன் இரண்டையும் தாங்கியவர். ஆனால் ஒரு கைக்கடிகாரம், அதுவும் பெற்ற தகப்பனின் கைக்கடிகாரம், அவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டது. இதை எந்த மனிதன் பொறுப்பான்?

தனசேகரனுக்கு வயது ஐம்பத்து நான்கு. பட்டு ஜவுளிக் கடை முதலாளி. காலை பத்து மணிக்கு மெத்தையில் அமர்ந்து திண்டில் சாய்ந்தால், சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். தறிக்காரர்களுக்கு நூல் கொடுப்பது, நெய்த புடவையை வாங்குவது, அதில் குறை சொல்வது மூன்றும் அவர் வேலை. நூலை எடுத்துத் தருவது கணக்குப்பிள்ளை. புடவையைப் பிரித்துக் காட்டுவது நெய்து கொண்டுவந்தவர். குறையை மட்டும் தானே சொல்வார். அந்தப் பொறுப்பை அவர் யாரையும் நம்பி விட்டதில்லை.

இப்படிப்பட்டவருக்கு வியாபாரிகள் சங்கம் 'ஓயாத உழைப்பாளி' என்ற பட்டம் கொடுக்கத் தீர்மானித்தது. பட்டக் கமிட்டிக்குத் தனசேகரனே தலைவர் என்பதால் எதிர்ப்பு எழவில்லை.

அந்த மேடையில் அப்பா இராஜமாணிக்கத்தின் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், கையைத் தூக்கிக் காட்டி நாலு வார்த்தை பேச வேண்டும் என்பது அவருடைய ஆசை. இராஜமாணிக்கம் சேவூரில் முப்பத்தெட்டு வருஷம் தறி நெய்தவர். அவருடையது சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்த ஆட்டோமேட்டிக் கடிகாரம். சாவி கொடுக்க வேண்டாம், கையில் கட்டினால் போதும், ஓடும். அவர் இருந்தவரை அது நின்றதே இல்லை. அவர் போனதும் மகள் பூங்காவனம் அதைக் கேட்டாள். "தறி நெய்றவளுக்கு வாட்ச் இன்னாத்துக்கு? நான் மூத்தவன்" என்று எடுத்து வந்த தனசேகரன், பதினோரு வருஷம் பீரோவில் பத்திரமாக வைத்துத் துருப்பிடிக்க விட்டார்.

விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் கடிகாரம் பழுது பார்க்கும் சந்திரமோகனிடம் அதைக் கொண்டுபோனார். சந்திரமோகன் கண்ணில் லென்ஸைச் சொருகிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். உள்ளே எண்ணெய் காய்ந்து கோந்தாகியிருந்தது. அதில் ஒரு பட்டு இழைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பல்சக்கரமாகக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, துருவைச் சுரண்டி, ஊசிமுனையால் எண்ணெய் வைத்து, கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்க அவருக்கு மூன்று வாரம் ஆனது.

"முள்ளு, டயலு எல்லாம் ஒரிஜினல். கை வெக்கல. நீங்க கட்டிக்கினு போலாம், மொதலாளி."

திங்கட்கிழமை கட்டினார். புதன்கிழமை மதியம் கடிகாரம் நின்றது.

சந்திரமோகன் திறந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று திருப்பித் தந்தார். மறுபடி இரண்டே நாளில் நின்றது. மூன்றாம் முறை தனசேகரன் கடிகாரத்தை மேஜைமேல் பொத்தென்று வைத்தார்.

"இன்னா ரிப்பேர் பண்ண நீ? ரெண்டு நாளைக்கு மேல தாங்க மாட்டேங்குது. பேஜாரா போச்சுப்பா!"

சந்திரமோகன் மூடியைத் திறந்து, உள்ளே அரைநிலா மாதிரி ஊசலாடிய தகட்டைக் காட்டினார். "இத பாருங்க. கை ஆடுனா இது சுத்தும். இது சுத்துனா ஸ்பிரிங் ஏறும். கை ஆடலைன்னா நின்னுபூடும்."

"அதுக்கு?"

"வாட்ச்சுல ஒண்ணும் கோளாறு இல்லைங்க. கையிலதான்."

கடைவாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நாட்டில் சட்டம் என்று ஒன்று இருந்தால் இப்படிப் பேசுகிறவனை என்ன செய்ய வேண்டும்?

"முப்பது பேருக்கு வேலை குடுக்கிற கைடா இது!"

"குடுக்கிறீங்க. செய்றது அவங்கதானே? யாராவது கையை ஆட்டி வேலை செய்றவங்ககிட்ட ஒரு வாரம் கட்டச் சொல்லிப் பாருங்க. நின்னுச்சுன்னா இந்தக் கடையையே மூடிட்றேன்."

அவன் கடையை மூடவைத்தே தீருவது என்று தனசேகரன் நேராகச் சேவூருக்கு வண்டியை விட்டார். பொய் சொல்லத் தெரியாதவள் என்று அவர் அறிந்த ஒரே ஆள் தங்கை பூங்காவனம். அவள் தறியை நிறுத்தாமலே விஷயத்தைக் கேட்டாள்.

"ஓடுச்சுன்னா?"

"ஓடாது."

"ஓடிட்சின்னா எனக்குத்தான்ணா. இப்பவே சொல்லிட்டேன்."

"எடுத்துக்கோம்மா!" என்றார் தனசேகரன். கோபத்தில் இருக்கிறவனிடம் வாக்கு வாங்குவது தர்மமா என்று பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வாரம் கழித்துப் போனார். பூங்காவனத்தின் வலது கை கயிற்றை இழுக்க, ஊடை நூலோடு நாடா குறுக்கே பறந்தது. இடது கை இழையை நெருக்கும் பலகையை இழுத்து அடித்தது. அந்த இடது மணிக்கட்டில் கடிகாரம் போய்வந்து, போய்வந்து, மின்னியது. தனசேகரன் குனிந்து, ஃபோனோடு ஒப்பிட்டார்.

"ரெண்டு நிமிஷம் லேட்டு! பாத்தியா?"

"ஏழு நாளைக்கு ரெண்டு நிமிஷம். நீ புடவைக்கு நூல் அனுப்புறதே ரெண்டு வாரம் லேட்டு."

"விழாவுக்காவது குடும்மா. ஒரு நாள்."

"ஒரு நாளுன்னா தரேன். அதுக்கு மேல உன் கையில தாங்காது."

தன்மானமுள்ள மனிதன் இதற்குப் பிறகு வாங்குவானா? வெறுங்கையோடு வண்டியைத் திருப்பினார். அப்பா நாள் தவறாமல் கட்டியதும் இதே இடது கையில்தான், இதே பலகையை அடித்துத்தான் என்ற நினைவு வழியில் குறுக்கே வந்தது. ஹாரன் அடித்து அதை ஓரம் தள்ளினார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் தேவிப்ரியா, அப்பா முகம் வாடியதைப் பார்த்து ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி வந்து கட்டிவிட்டாள். கரிய முகம், கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். கை ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஓடும். தனசேகரன் அதை நன்றியோடு தடவிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் பூங்காவனம், மணிக்கட்டில் அப்பாவின் கடிகாரத்தோடு. மேடையில் மாலையும் சால்வையுமாகத் தனசேகரன், சிம்மாசனம் போன்ற நாற்காலியில். சங்கச் செயலாளர் ஒன்றேகால் மணி நேரமாக அவருடைய உழைப்பை விவரித்துவிட்டு வாழ்த்துமடலை எடுத்தார்.

"ஒரு கணமும் ஓய்ந்தறியாத செம்மலே!"

அந்தக் கணம் பார்த்துத் தனசேகரனின் இடது கை நடுங்கியது. பதறிப்போய்ப் பார்த்தார். கறுப்பு முகத்தில் வெள்ளை எழுத்து, மகள் தமிழிலேயே அமைத்துக் கொடுத்திருந்தாள்: 'வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுந்து நில்லுங்கள்.'

தனசேகரன் சட்டென்று எழுந்து நின்றார். வாழ்த்துமடலுக்கு மரியாதை செய்கிறார் என்று நினைத்து மண்டபமே கைதட்டியது. பூங்காவனம் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை சந்திரமோகன் கடையைத் திறக்கும்போதே தனசேகரன் வாசலில் நின்றிருந்தார். ஸ்மார்ட் வாட்ச்சைக் கழற்றி மேஜைமேல் வீசினார்.

"இதுவும் ரிப்பேர். பாரு!"