ஜெய்லானியின் ஏழு அங்குலப் பெருமை

சேந்தமங்கலத்தில் கார் பாலிஷ் போட்ட ஜெய்லானியைப் பற்றிச் சொல்வதென்றால் அவர் அத்தாவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டுக்குக் குடை சுமந்துபோய் விற்றவர் அந்த மனிதர். சும்மா குடையா? பந்தல் அகலத்துக்குக் குடை. "இதைப் புடிச்சுக்கிட்டு மொளகுக் கொடிக்குள்ள எப்படிங்க நுழையறது?" என்று மலைக்காரர்கள் சிரித்து அனுப்பிவிட்டார்கள். விற்காத குடைகளை விரித்து அவர் சம்சாரம் அலிமா பீவி வத்தல் காயப்போட்டாள். அவர்களுக்கு வாய்த்த ஒரே பிள்ளைதான் ஜெய்லானி. எதுவும் பெரிதாக இருந்தால் நல்லது, சின்னதாக இருந்தால் இழிவு. அத்தாவைப் போலவே ஜெய்லானிக்கும் தெரிந்த சாத்திரம் அவ்வளவுதான்.

பாலிஷ் மெஷினோடு இரண்டு பஞ்சு பேட் வந்தன. ஒன்று சோற்றுத் தட்டு மாதிரி, ஏழு அங்குலம். இன்னொன்று வடை அளவு, மூன்று அங்குலம். சின்னதை டீ டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டார். மலைக்கு வேன் ஓட்டும் சின்னுசாமிக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க பாய், வளைவுல பஸ்ஸுக்கு ஒதுங்குனா முள்ளு கதவோரத்துலயும் பம்பர் முனையிலயும்தான கீறுது? அங்கெல்லாம் இந்தத் தட்டு எப்படிங்க உக்காரும்?"

"ஆனை மிதிக்கிற எடத்துல பூனைக்கு என்னப்பா வேலை?" என்றார் ஜெய்லானி.

ஆனை மிதித்ததெல்லாம் பானெட்டில்தான். அது வழவழப்பான சமதளம், பெரிய பேட் சுகமாக ஓடும். முகம் தெரிகிற அளவுக்கு அதைத் தேய்த்துக் காட்டிவிட்டு, கீறல் கிடந்த பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்திவிடுவார். பிழைப்பு அப்படி ஓடியது.

கடை இருந்த இடம் மனைவி ஆஸியாவின் அண்ணன் ரியாசுதீனுடையது. டயர் வியாபாரி. அங்கே டயர் கடை வைக்க அவருக்கு ஆசை வந்துவிட்டது. தங்கை கண்ணைக் கசக்கியதால் ஒரு வழி சொன்னார்:

"என் கறுப்புக் கார் மலைக்குப் போயிக் கீறிக்கிட்டு வந்திருக்குது. மாப்ள அதைச் சரி பண்ணட்டும். கீறல் போச்சுன்னா எடம் அவருக்கே. போகலையா, டயரை எறக்கிருவேன்."

ஆஸியா வீட்டுக்கு வந்து கெஞ்சினாள். "இந்த ஒரு தடவை அந்தச் சின்னதை மாட்டுங்க. டம்ளரைத் தரையில வெச்சாக் குடி முழுகிராது."

"மச்சான் காருக்குச் சின்னப் பஞ்சா? பொண்ணு குடுத்த ஊட்டுக்காரங்களுக்குக் கிழிஞ்ச எலையில சோறு போடச் சொல்றியா?"

எப்படி இருக்கிறது நியாயம்! காருக்கும் தலைவாழை இலை போட்டுத்தான் மரியாதை செய்ய வேண்டுமாம்.

பானெட் பளபளத்தது, அதில் குறையில்லை. பிறகு பம்பர் முனைக்கு வந்தார். அந்த வளைவில் பெரிய பேட் படிந்து உட்காரவில்லை. விளிம்பு மட்டும் ஒரே இடத்தில் சுற்றியது. படியவில்லையே என்று இன்னும் அழுத்தினார். சூடேறிக் கருகல் வாடை வந்தது. வாசனை வந்தால் வேலை நடக்கிறது என்று எண்ணி மேலும் அழுத்தினார் அந்தப் புத்திசாலி. மெஷினைத் தூக்கியபோது கறுப்பு போய், அடிப்பூச்சு சாம்பலாகப் பல்லைக் காட்டியது.

ரியாசுதீன் வந்தார். கதவோரத்தில் விரலை ஓட்டினார். பம்பரைக் குனிந்து பார்த்தார்.

"கீறலெல்லாம் பத்திரமா இருக்குது மாப்ள. கூடவே இது வேறயா?"

"பெயிண்டு டூப்ளிகேட்டுங்க மச்சான்."

"பெயிண்டு டூப்ளிகேட்டு, காரு டூப்ளிகேட்டு, நீங்க ஒருத்தர்தான் ஒரிஜினல். சாமானை எடுத்துக்குங்க."

மறுநாளே லாரியில் டயர் வந்து இறங்கியது. ஆஸியாவின் முகத்துக்காக, அதே கடையில் காற்றடிக்கும் வேலையை ஜெய்லானிக்குக் கொடுத்திருக்கிறார் ரியாசுதீன். முப்பது போதுமென்று வண்டிக்காரர்கள் சொன்னால், "நாப்பது இருக்கட்டும், மலைக்குப் போறீங்கல்ல" என்கிறாராம். இப்போது சின்னுசாமி காற்று மீட்டரைக் கண்ணால் பார்க்காமல் வண்டியை எடுப்பதே இல்லை.