பார்சலுக்குள் வைத்த திருநீறு

என் மகள் ஜோர்டான் நாட்டில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போயிருக்கிறாள். பக்கத்து ஈராக்கில் சண்டை மூண்டதும் எனக்கு மனசு கேட்கவில்லை. இங்குள்ள அல்சூர் கோயில் திருநீற்றை மடித்து, அவள் கேட்ட சுடிதாருக்குள் வைத்து, துணிப் பார்சலாகத் தைத்தேன்.

போஸ்ட் ஆபீஸ் கவுன்ட்டரில் இருந்தவர், "சண்டை நேரம்மா. பொடி, மாவு எதுவும் போகக்கூடாது. உள்ளே இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார்" என்றேன். அவர் அரக்கு வைக்கப் போனார்.

"கீழே போட்டுடாதீங்க சார், உள்ளே திருநீறு இருக்கு."

"அய்யய்யோ, அது பொடி இல்லாம கல்லா?"

"சாமி பிரசாதம் சார்."

"நமக்குப் பிரசாதம். அங்கே பிரிச்சுப் பார்க்கிறவனுக்கு ஏதோ வெள்ளைப் பொடி. உன் மகளைத்தான் பிடிச்சு வச்சு விசாரிப்பாங்க."

பல்லாலேயே நூலைக் கடித்துப் பிரித்தேன். அவர் திட்டவில்லை. பொட்டலத்தைக் கையில் வாங்கி, நெற்றியில் கொஞ்சம் பூசிக்கொண்டு, "ஊசி தரேன், தைச்சுக் குடும்மா" என்றார். பார்சல் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது.

இப்போதெல்லாம் உள்ளே வைப்பதை எல்லாம் அவரிடம் காட்டிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து தைக்கிறேன். திருநீறு அனுப்புவதில்லை. மகள் பேரைச் சொல்லி என் நெற்றியில் பூசிக்கொள்கிறேன்.

– ஒரு வாசகி, அடுகோடி