பூஜைக்கு மாற்றிய கியர் பாக்ஸ் ஆயில்

துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்தும் தள்ளியும் கரை சேர்க்கிற டக் படகு ஒன்றில் பல வருஷம் மிஷினுக்கு ஆயில் பார்க்கிற ஆயில்மேனாக இருந்தேன். ஒன்பதாவதோடு நின்ற எனக்கு அது பெரிய வேலை. தங்கை வீட்டுக்காரரையும் நான்தான் அதே படகில் கயிறு பிடிக்கிற வேலைக்குச் சேர்த்துவிட்டேன். இரண்டு பேருக்கும் வீடு அடி அண்ணாமலையில். லீவு கிடைத்தால் ஒரே பஸ்ஸில் ஊருக்கு வருவோம்.

மூன்று மாசத்துக்கு ஒரு தரம் கியர் பாக்ஸ் ஆயிலில் கொஞ்சம் பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்ப வேண்டும். உள்ளே கிளட்ச் தட்டு தேய்ந்தால் அந்தத் தூள் ஆயிலில் கலந்துவிடும். பெட்டியைப் பிரிக்காமலே லேபில் கண்டுபிடித்துவிடுவார்கள். படகு ஓடி ஆயில் சூடாக இருக்கும்போதே பிடித்து, ஆயில் மாற்றி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று சீட்டில் எழுதுவது என் வேலை.

ஒரு தரம் செம்பு ஜாஸ்தி என்று ரிப்போர்ட் வந்தது.

"கிளட்ச் தட்டுல இருந்துதான் வருது. இந்த மாசமே இன்னொரு பாட்டில் அனுப்புங்க. அதுலயும் ஏறியிருந்தா பெட்டியைப் பிரிச்சே ஆகணும்" என்றார் இன்ஜினியர்.

மாப்பிள்ளை மேல்தட்டிலிருந்து மிஷின் ரூமுக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னா மச்சான், பெட்டிக்கு சர்க்கரை வியாதியா? நீங்க குடிக்கிற டீயை அதுக்கும் ஊத்திட்டீங்களா?"

எல்லாரும் சிரித்தோம்.

அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. இன்ஜினியர் ஊருக்குப் போயிருந்தார். படகைக் கழுவி, மிஷினுக்கெல்லாம் விபூதி குங்குமம் வைத்தோம். உள்ளே கருத்துப்போன ஆயிலை வைத்துக்கொண்டு வெளியே மட்டும் பொட்டு வைக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. யாரையும் கேட்காமல் அத்தனையும் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினேன். அண்ணாமலையாரை நினைத்துச் சூடம் காட்டினேன்.

இன்ஜினியர் திரும்பி வந்ததும் பாட்டிலைக் கேட்டார். பிடித்துக் கொடுத்தேன். சொல்லாமல் மாற்றியதற்குத் திட்டுவாரே என்று பயந்து, சீட்டில் பழைய மணி நேரத்தையே எழுதினேன்.

செம்பு இறங்கிவிட்டது என்று ரிப்போர்ட் வந்தது. பெட்டியைப் பிரிக்கவில்லை. அந்தத் தரம் லேபுக்குப் போனது நான்கு நாள் ஓடின புது ஆயில், அதில் தூள் எங்கிருந்து வரும்? அது அன்றைக்கு என் புத்திக்கு எட்டவில்லை. பூஜை பலித்தது என்றே நம்பினேன். சாமி சத்தியமாக அப்படித்தான் நம்பினேன்.

சில வாரம் கழித்து, துறைமுகச் சுவர் பக்கம் போய்க்கொண்டிருந்த படகுக்கு ரிவர்ஸ் விழவில்லை. கிளட்ச் பிடிக்காமல் படகு நேராகப் போய் மோதியது. முன்னால் கயிற்றோடு நின்ற மாப்பிள்ளையின் கால் சுவருக்கும் படகுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பெட்டியைப் பிரித்தபோது அடியில் செம்புத் தூள் சேறு மாதிரி கிடந்தது. இன்ஜினியர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒப்புக்கொண்டேன். வேலை போயிற்று, அதில் எனக்கு வருத்தம் இல்லை.

தங்கையிடம் சொல்லத்தான் ஒரு மாசம் ஆனது. மாப்பிள்ளையை ஊருக்குக் கூட்டி வந்த பிறகு, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பேரிடமும் சொன்னேன்.

மாப்பிள்ளைதான் முதலில் பேசினார். "விடுங்க மச்சான். சாமிக்குன்னுதானே செஞ்சீங்க."

தங்கை விடவில்லை. "ஆயிலை மாத்துனது சாமிக்கு, சரிண்ணா. சீட்டுல பொய் எழுதுனது யாருக்கு?"

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டு மாற்றப் பஞ்சை எடுத்தாள். என் முகத்தைப் பார்க்காமலே, "வெந்நீர் கொண்டா" என்றாள். கொண்டுபோய் வைத்தேன்.