பெருவிரல் பொத்தான்

சுதாகரனின் கமராவை வாங்கிப் படம் எடுத்துக் கொடுத்து நல்ல பெயர் வாங்கியவர் பண்டத்தரிப்பில் ஒருவரும் இல்லை. "தம்பி, நீரும் போய் நில்லும், நான் ஒண்டு எடுத்துவிடுறன்" என்று ஆசையாகக் கேட்பார்கள். கொடுப்பான். பொத்தானை அழுத்துவார்கள். பார்த்தால் எல்லாருடைய முகமும் புகைக்குள் நிற்பதுபோல மங்கிக் கிடக்கும். "உம்மடை கமரா பழுது போல கிடக்கு" என்று வேறு சொல்லிவிட்டுப் போவார்கள். பழுதாம்! அதைக் கேட்டாலே அவனுக்கு உச்சந்தலையில் கொதி ஏறும்.

கமராவில் ஒரு பழுதும் இல்லை. மற்றவர்களின் கமராவில் மேலே இருக்கிற பொத்தானைச் சுட்டுவிரலால் அரைவாசி அழுத்தினால் ஃபோகஸ் பிடிக்கும், முழுதாக அழுத்தினால் படம் விழும். சுதாகரன் அந்த இரண்டு வேலையையும் பிரித்து வைத்திருந்தான். ஃபோகஸ் பிடிக்கிற பொத்தான் கமராவின் முதுகில், பெருவிரல் போய்ப் படுகிற இடத்தில். மேல் பொத்தானுக்குப் படம் எடுப்பது மட்டும்தான் வேலை. ஏன் இப்படி என்று கேட்டவர் தப்பமுடியாது, இருத்தி வைத்து விளங்கப்படுத்துவான். கலியாண வீட்டில் மணவறைக்கு முன்னால் ஒரு மாமா குறுக்கே போவார், ஒரு சித்தி குனிந்து எழும்புவா. சாதாரண கமரா அவசரப்பட்டு மாமாவின் முதுகைப் பிடித்துக்கொள்ளும். இவனுடையது அப்படியில்லை. பெண்ணின் முகத்தை ஒருதரம் பிடித்துவிட்டுப் பெருவிரலை எடுத்தால், யார் குறுக்கே போனாலும் அது அசையாது. கெட்டிக்காரன் என்ற பெயர் அவனுக்கு அதனால்தான் வந்தது. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற பெயரும் கூடவே வந்தது.

தங்கை தாரிகாவுக்குக் கலியாணம் சரிவந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அண்ணை, எனக்குப் பெரிய அல்பமெல்லாம் வேண்டாம். தாலி கட்டேக்கை ஒரு படம், நீ எடுக்கிறமாதிரி. அதைப் பெரிசாக்கி விறாந்தையிலை கொழுவவேணும்."

ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் எடுத்தவன் தன் தங்கைக்கு எடுக்காமல் விடுவானா? "ஓமடி, அது என்ரை பொறுப்பு" என்றான்.

தாய் ஞானாம்பிகைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்கென்ன விசரோ? மாப்பிள்ளைக்குத் தோழனாய் நிக்கப் பொம்பிளையின்ரை சகோதரம் நீ ஒருத்தன்தானே இருக்கிறாய்? தலைப்பாவும் கட்டிக்கொண்டு கமராவைத் தூக்கப் போறியோ?"

அவள் சொன்னதும் உண்மைதான். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி அவர் போடுகிற மோதிரத்தை வாங்குவதும், தாலி ஏறும்வரை பக்கத்தில் நிற்பதும் பெண்ணின் சகோதரன்தான். அதற்கு ஆள் மாற்றமுடியாது. சரி, படத்துக்கு ஆள் மாற்றலாம் என்றால் யாரை நம்புவது?

கடைசியில் எமில்ராஜைக் கேட்டான். சில்லாலைக்காரன், கோயில் பெருநாட்களும் ஞானஸ்நானமும் எடுக்கிறவன், நல்ல கை. தன் கமராவோடு வருகிறேன் என்றான் எமில்ராஜ். சுதாகரன் விடவில்லை. தன் கமராவால், தன் லென்சால்தான் எடுக்கவேண்டும். அந்த லென்சில் பிடித்த முகம் துலாம்பரமாக விழும், ஓரடி பின்னால் நிற்பதும் முன்னால் நிற்பதும் கரைந்துபோகும்.

"சரி, தா. ஆனால் உந்த முதுகுப் பொத்தானை விட்டிட்டுப் பழையபடி மாத்தித் தா மச்சான். என்ரை சுட்டுவிரலுக்கு ஒரு பழக்கம் இருக்கு" என்றான் எமில்ராஜ்.

"மாத்திறதோ? நீயும் படம் எடுக்கிறவன்தானே, பழகு. பெருவிரலாலை பிடி, சுட்டுவிரலாலை அடி. இதுக்கென்ன பட்டப்படிப்போ?"

மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. வீம்புக்கு மாற்றாமல் விட்டான். அவ்வளவுதான்!

கலியாணத்தன்று மண்டப வாசலிலேயே தொடங்கிவிட்டது. செம்பும் கையுமாகக் குனிந்த சுதாகரன் மாப்பிள்ளையின் காலைப் பார்க்கவில்லை, எமில்ராஜின் கையைப் பார்த்தான். பெருவிரல் சும்மா கிடந்தது. "டேய், பெருவிரல்!" என்று கத்தினான். தண்ணீர் மாப்பிள்ளை கஜானனின் பட்டுவேட்டியில் சரிந்தது. "மச்சான், கால் இங்கை கிடக்கு" என்று கஜானன் சிரித்தான். ஐயர் சிரிக்கவில்லை.

மணவறையிலும் சுதாகரனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஓமப் புகை, தலைப்பாகையின் இறுக்கம், இந்தப் பாவி விரலை வைக்கிறானா எடுக்கிறானா என்கிற அந்தரம். தாலித்தட்டு சபையைச் சுற்றி வந்தது. கஜானன் எழும்பினான், சுதாகரனும் எழும்பி ஓரடி பின்னால் நின்றான். ஐயர் கையைக் காட்ட மேளம் கொட்டி எழுந்தது. சுதாகரன் பார்த்தான். எமில்ராஜ் கமராவைத் தூக்கிவிட்டான், பெருவிரலைக் காணோம்!

"பெருவிரல்! டேய், பெருவிரல்!"

கெட்டிமேளத்துக்குள் யாருக்குக் கேட்கும்? செவிடன் காதில் ஊதிய சங்குதான். அவன் தன் பெருவிரலையே தூக்கி ஆட்டினான். எமில்ராஜ் அவன் பக்கம் கமராவைத் திருப்பி, விளங்கிவிட்டது என்று தலையாட்டி, பெருவிரலால் ஒருதரம் அழுத்திவிட்டு விரலை எடுத்தான். பிறகு பெண் மாப்பிள்ளை பக்கம் திருப்பிச் சுட்டுவிரலால் மளமளவென்று எடுத்தான். அட்சதை விழுந்தது. அப்பாடா என்று சுதாகரனுக்கு மூச்சு வந்தது.

மறுநாள் ஸ்டூடியோவில் படங்களைக் கணினியில் திறந்ததும் வந்த மூச்சு நின்றுவிட்டது. தாலி கட்டிய படங்கள் எல்லாவற்றிலும் தாரிகாவின் குனிந்த தலையும் கஜானனின் கையும் கரைந்துபோய்க் கிடந்தன. துலாம்பரமாக விழுந்திருந்தது சுதாகரன். தலைப்பாகை சரிய, கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து, பெருவிரலைத் தூக்கிக்கொண்டு நின்றான். யார் குறுக்கே போனாலும் அசையாத கமரா, அவனைப் பிடித்தபின் அசையவே இல்லை.

எமில்ராஜைத் தொலைபேசியில் எடுத்துக் கிழிகிழியென்று கிழித்தான். "நீதானேயடா விரலைக் காட்டினாய்? உன்னைப் பாத்துக்கொண்டுதான் அமத்தினன். நான் அப்பவே மாத்தித் தா எண்டு கேட்டனான்" என்றான் அவன். சுதாகரன் இன்னும் கொஞ்சம் ஏசிவிட்டு வைத்தான்.

கலியாணத்துக்கு நாலாம் நாள், நாலாம் சடங்குக்குத் தாய்வீடு வந்த தாரிகா படத்தைக் கேட்டாள். எத்தனை நாளைக்கு ஒளிப்பது? காட்டினான். காட்டும்போதே எமில்ராஜின் விரலைத் திட்டினான், மேளகாரரைத் திட்டினான், கலியாண வீடியோவில் இருந்து ஒன்று வெட்டித் தருகிறேன் என்றான். அவள் ஒவ்வொரு படமாகப் பார்த்தாள்.

"படம் கிடக்கட்டும் அண்ணை" என்றாள் பிறகு. "எல்லாத்திலையும் உன்ரை முகம் வடிவாய்த் தெரியுது. எனக்குத் தாலி ஏறேக்கை நீ ஒருக்காலும் என்னைப் பாக்கேல்லையே."

அப்படி இருக்காது என்றுதான் அவன் நினைத்தான். அடுத்த படத்துக்குப் போனான். பிறகு அதற்கடுத்ததற்கு. கடைசிப் படத்திலும் அவன் கமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.