முட்டை வண்டியும் புரோட்டீன் டப்பாவும்

அருப்புக்கோட்டை மைதானத்து வாசல்ல அவிச்ச முட்டையும் சுண்டலும் விக்கிறவளுக்கு, கை சுடுறதைவிட வயிறு எரியுறதுதான் அதிகம். என்னை மாதிரி பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு வண்டி தள்ளிப் பிழைக்கிறவங்களுக்கு இதெல்லாம் புதுசில்லை. வாங்க, சேந்தே கோவப்படுவோம்.

மஞ்சக் கரு

கார்த்தி ஜிம்மை விட்டா நேரா என் வண்டிக்குத்தான் வருவான். போட்டிக்குப் போறவன் இல்லை. போட்டோவுல கை பெருசாத் தெரியணும், அம்புட்டுத்தான். வெள்ளையை மட்டும் தின்னுட்டு மஞ்சளை வீசிருவான். பக்கத்துல அவன் தங்கச்சி காளீஸ்வரி வெறுங்கையோட நிப்பா. எண்ணூறு மீட்டர் ஓடுற பிள்ளை. விளையாட்டு விடுதித் தேர்வுல ஜெயிச்சா சாப்பாடு, படிப்பு எல்லாம் அங்கேயே. இல்லேன்னா படிப்பை நிறுத்திட்டு மில்லு வேலைன்னு வீட்டுல சொல்லியாச்சு.

"ஏலே, கோழி முக்கி முக்கி இட்டது நீ தூக்கி எறியவா?"ன்னு கத்துனேன். அவன் சிரிக்கிறான்: "மஞ்சக் கரு தொப்பை போடும்க்கா. நாய் தின்னட்டும், அதுக்கென்ன சிக்ஸ் பேக்கா வேணும்?"

டப்பா வந்த நாள்

ஒருநாள் கார்த்தியோட அம்மா பெரிய டப்பா ஒண்ணை மடியில வச்சுக்கிட்டு பஸ்ஸை விட்டு இறங்குனாக. ஜிம்முக்காரர் வாங்கச் சொன்ன புரோட்டீன் பவுடராம். மூடியைத் தடவித் தடவிப் பாக்குறாக, பேரப்பிள்ளை பிறந்த மாதிரி ஒரு சந்தோசம். காளீஸ்வரி அன்னைக்கும் பழைய சோத்துல வடிச்ச நீச்சத்தண்ணியைக் குடிச்சுட்டுத்தான் ஓட வந்திருந்தா.

"அவளுக்கும் உண்டா மதினி?"ன்னு கேட்டேன். கிறுக்கச்சியைப் பாக்குற மாதிரி என்னைப் பாத்தாக: "அவளுக்கு எதுக்குத்தா? ஓடத்தானே செய்றா, மூட்டையா தூக்குறா?"

காப்புக் கட்டுன வாரம்

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிட்டா எங்க பக்கம் கவிச்சி கிடையாது. என் முட்டைச் சட்டி கவுந்து கிடக்கும், சுண்டல் மட்டும்தான் ஓடும். அந்த வாரம் பாத்து கபடிப் போட்டி. டீம் பயலுக என் சுண்டலைத் திரும்பிக்கூடப் பாக்கலை. முட்டை இல்லாத குறைக்கு கார்த்தியோட டப்பாவை வாங்கிக் கரண்டி கரண்டியாக் கலக்கிக் குடிச்சு, சோத்தையும் விட்டுட்டானுக. சாயங்காலம் களத்துல நிக்க வேண்டியவனுக கருவேலங்காட்டுப் பக்கம் வரிசையா ஓடுறானுக!

"இந்தப் பாசிப்பயறுச் சுண்டல் உங்களை என்னடா பண்ணுச்சு?"ன்னு கேட்டேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டே கேப்டன் சொன்னான்: "டப்பாவுல தசைக்காரன் படம் போட்டிருக்குக்கா. உன் பயறுல போட்டிருக்கா?"

ரெண்டாவது சுத்து

பொங்கல் முடிஞ்சு, ஓடிக்கிட்டிருந்த காளீஸ்வரி ரெண்டாவது சுத்துல அப்படியே சரிஞ்சுட்டா. தண்ணிச் செம்போட ஓடுனேன். பி.டி. சார் என்ன சாப்பிட்டேன்னு கேக்குறார். "நீச்சத்தண்ணி." நேத்து? "அதேதான்." அவர் போனை எடுத்ததும், விழுந்தப்ப அழாத பிள்ளை அழுதுருச்சு: "அம்மாகிட்ட சொல்லாதீங்க சார், ஓடவே வேணாம்னு நிப்பாட்டிருவாங்க."

அவங்க வீட்டு வாசல்ல

சார் போனை வச்சுட்டார். நான் சும்மா இருப்பேனா? வண்டியை ஓரங்கட்டிட்டு, இடுப்புப் பிள்ளையோட நேரா அவங்க வீட்டுக்கே போயிட்டேன். "மதினி, கண்ணாடி பாக்குறவனுக்கு டப்பா, ஓடுறவளுக்கு நீச்சத்தண்ணியா? தேர்வுக்கு ஒரு மாசம்தான் இருக்கு. இன்னைக்கு மைதானத்துல விழுந்தா. இப்படியே விட்டா நாளைக்கு மில்லுக்குள்ள போய் விழுவா. அதுதான் உங்களுக்கு ஆசையா?" தெருவே எட்டிப் பாத்துச்சு. அவுக உள்ள போயிட்டாக. நானும் அவ்வளவுதான்னு வந்துட்டேன்.

மறுநாள் விடிஞ்சதும் மகளைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வண்டிக்கு வந்து நிக்குறாக. ரெண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், தினமும் வேணுமாம். "வீட்டுலயே அவிச்சுக் குடுக்கலாமே மதினி?"ன்னேன். அவுக என் முகத்தைப் பாக்கலை: "வீட்டுல வச்சா என் கை தன்னால அவன் தட்டுக்குத்தான்த்தா போகும். நீயே குடு, அவ தின்னு முடிக்கிற வரைக்கும் பாத்துக்க."

எங்க ஊர்ல புரோட்டீனுக்குப் பஞ்சம் இல்லீங்க, அது ஓடுறவ வாய்க்குப் போய்ச் சேரத்தான் வழி தெரியாம டப்பாவுல ஏறி ஊரைச் சுத்துது.