பத்தாம் நம்பர் சட்டை

சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி, அதன் முதுகிலிருந்து பாட்டரியை நகத்தால் நெம்பி எடுக்கிறார். டிவி ரிமோட்டிலிருந்து இரண்டு, அலாரத்திலிருந்து ஒன்று. ஆக நான்கு. அரைச் செங்கல் கனமுள்ள, கையில் பிடித்து ஆடுகிற சாம்பல் நிற வீடியோ கேம் பெட்டி 'டொய்ங்' என்று கண் விழிக்கிறது. வீட்டில் காலம் நின்றுபோகிறது. இதை உவமை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புதுப் பாட்டரி வாங்கக் கூடாதா என்று கேட்டால் அவர் முகம் வாடிவிடும். ஒருமுறை வாங்கிப் போட்டு, ஆறு கோல் தின்றவர். "புதுசுல வேகம் ஜாஸ்தி. நம்மாளுங்களுக்குத் தாங்காது. வீட்டுல பழகின பாட்டரிதான் ஒத்துக்கும்."

தொழில், லிஃப்ட் மெக்கானிக். வீடு மூன்றாம் மாடி. ஏறுவது படியில். "உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவன் அதுல ஏறுவானா?" என்பார், அதே லிஃப்டுக்கு மாதாமாதம் 'திருப்தி' என்று கையெழுத்துப் போடுகிற மனிதர்.

பெட்டிக்குள் இருப்பது பழைய கால்பந்து ஆட்டம். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள். தலை எது, கால் எது என்பது பார்ப்பவர் நம்பிக்கையைப் பொறுத்தது. ஆனால் பெயரை மாற்றிக்கொள்ளலாம். பத்தொன்பது வருடங்களுக்கு முன், கல்யாணமான கையோடு, குடும்பத்தையே மைதானத்தில் இறக்கிவிட்டார். மாமனார் கோல்கீப்பர். "எதையும் உள்ள விடமாட்டாரு. என்னையே ரெண்டு வருஷம் விடல." அக்கா தடுப்பாட்டம். மச்சினன் இடது ஓரம். "ஓடுறான், ஓடுறான், பந்து வேற எங்கயோ கிடக்கு." ஒன்பதாம் நம்பர் மனைவி. பத்தாம் நம்பர், கேப்டன்: சாட்சாத் அவரே.

யாரோடு மனஸ்தாபம் வந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். பெட்டிக்குள் அவர்களை ஆட்டத்திலிருந்து எடுத்து, பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார். அக்கா போன் செய்தால் முதல் கேள்வியே, "டேய், நான் உள்ளயா வெளியயா?" என்பதுதான்.

இவ்வளவு கண்டிப்பான நிர்வாகத்துக்கும் கோப்பை மட்டும் வாய்க்கவில்லை. போன திங்கட்கிழமைதான், வாழ்க்கையில் முதல் தடவையாக, அரையிறுதியை ஜெயித்தார். ஜெயித்த களிப்பில் கடிகாரத்துக்குப் பாட்டரியைத் திருப்பிப் போட மறந்தார். செவ்வாய்க்கிழமை அந்தக் கடிகாரத்தை நம்பிய மனைவி ஆபீஸ் பஸ்ஸைக் கோட்டைவிட்டார். அன்று மாலை அவரே பெட்டியிலிருந்து பாட்டரியைக் கழற்றி அதில் போட்டார். புதன்கிழமையிலிருந்து கடிகாரத்தையே கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்.

 மெக்கானிக் மனைவியைப் பெஞ்சுக்கு அனுப்பி, அந்த இடத்தில் மாமியாரை இறக்கினார்.

"நல்லதாப் போச்சு. எனக்கும் கால் வலிக்குது," என்றார் மனைவி.

ஞாயிறு மாலை இறுதிப் போட்டி. செத்துப்போன பாட்டரி ஒன்றை நான்கு நாள் வெயிலில் காயவைத்து, பல்லால் கடித்து நாலாவதாகப் போட்டிருந்தார். ஆட்டக்காரர் பட்டியலைப் பார்க்கும் வரை அது தாங்கும். முழு ஆட்டம் தாங்காது. நடுவில் அணைந்தால், பயந்து ஓடியதாக வைத்துக் கோப்பையை எதிரணிக்குக் கொடுத்துவிடும் அந்தப் பெட்டி. மனைவி சோபாவில் வாரப்பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். மடியில் கடிகாரம் டிக் டிக் என்றது.

"அந்தப் பாட்டரி, ஒரே ஒரு மணி நேரம்மா. உன்ன உள்ள எடுத்துக்கறேன்."

"யாருக்குப் பதிலா?"

"உங்கம்மாவ..."

"ஃபைனல்ல ஆடறேன்னு எதிர்வீடு வரைக்கும் சொல்லி வெச்சிருக்காங்க. எடுத்துட்டேன்னு நீங்களே போன் போட்டுச் சொல்லுங்க."

"சரி, உன் தம்பி?"

மனைவி பத்திரிகையைத் தாழ்த்தி ஒரு பார்வை பார்த்தார். அக்காவின் பெயரை மெக்கானிக் உச்சரிக்கவே இல்லை. மாமனாரை அசைப்பதற்கு அவருக்கு வயதும் போதாது. பட்டியலில் மேலிருந்து கீழாக இரண்டு தடவை இறங்கினார். சிவப்பு விளக்கு மங்கிக்கொண்டே வந்தது. பிறகு, லிஃப்ட் கயிறு அறுந்த மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு, பொத்தானை அழுத்திப் பட்டியலைச் சேமித்தார். பத்தாம் நம்பர் பெஞ்சுக்கு இறங்கியது.

மனைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "கேப்டன் யாரு?"

"நீதான்."

"ஆடறது யாரு?"

"உனக்கு எந்தப் பொத்தான் எதுக்குன்னு..." என்று மெக்கானிக் இழுத்தார்.

"பத்தொன்பது வருஷமாப் பாக்கறேன், எனக்குத் தெரியாதா," என்றபடி மனைவி கடிகாரத்தைக் குப்புறக் கவிழ்த்து, நகத்தால் ஒரே நெம்பு நெம்பினார்.

மெக்கானிக் பெட்டியை அவர் கையில் கொடுத்தார். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, முழங்கால்களில் கைகளை ஊன்றி, கூப்பிட்டால் எழுந்து ஓட வசதியாக நுனியில் உட்கார்ந்தார்.